சீனி வருத்தம் எண்டு சொல்லுங்கோ

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆன பிறகு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் திடீரென்று என் நினைவு வந்தது. செயலாளர் குணம் போன் எடுத்தார்.

“அண்ணை, ஆண்டு விழாவிலை உங்களுக்குப் பொன்னாடை போர்த்துறதெண்டு தீர்மானிச்சிருக்கிறம். நீங்களும் உங்கடை சேவையைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதைக்கோணும்.”

“அதுக்கென்ன, கதைக்கிறன்.”

“ஆனா அண்ணை, அந்தக் குடி எண்ட சொல்லு மட்டும் வேண்டாம். பொம்பிளையள், பிள்ளையள் எல்லாம் இருப்பினம். மனநலத்துறையிலை வேலை செய்தனான் எண்டு சொல்லுங்கோவன்.”

இருபத்தேழு ஆண்டுகள் ஒஸ்லோவில் ஒரு பொலிக்கிளினிக்கில் ஆண் தாதியாக வேலை செய்தேன். குடியை விட்டவர்கள் மறுபடி அதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே என் வேலை. அதைக் குடி என்ற சொல்லே இல்லாமல் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். பிள்ளைகள் கேட்டுவிடுவார்களாம்! அதே விழாவில் அதே பிள்ளைகள் வெளியே பந்து அடிக்கும்போது கார் நிறுத்துமிடத்தில் டிக்கிகள் திறந்திருக்கும். தகப்பன்மார் அதைச் சுற்றி நின்று கடதாசிக் குவளையில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அதைப் பார்க்கலாம், சொல்லைத்தான் கேட்கக்கூடாது. உங்கள் பொன்னாடை எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மேடையில் சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. நோர்வேயின் வடக்கே ஒரு தொழிற்சாலையில் சில ஆண்டுகள் மீன் வெட்டினேன். மொழி படித்தேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டே தாதிப் படிப்பை முடித்தேன். ஆஸ்பத்திரி வேலை என்று கேட்டதும் எங்கள் ஆட்களின் முகம் மலரும். எந்தப் பிரிவு என்று தெரிந்ததும் சுருங்கிவிடும். “ஏன், வேறை இடம் ஒண்டும் கிடைக்கேல்லையே?” என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்பார்கள். அடுத்த மூச்சிலேயே, இந்த நாட்டில் சனிக்கிழமைகளில் மதுக்கடையை நேரத்தோடு பூட்டிவிடுகிறானே என்று என்னிடமே முறையிடுவார்கள்.

எங்கள் பிரிவுக்குத் தலைமைத் தாதி இங்கபோர்க். வடநோர்வேக்காரி, நெட்டையான பெண். சிரித்து நான் கண்டது குறைவு. மற்ற அறைகளிலெல்லாம் மேசைமேல் கண் துடைக்கும் கடதாசிப் பெட்டி இருக்கும். அவளுடைய அறையில் இருக்காது. “அழ வேண்டுமென்றால் அழட்டும். துடைக்கக் கடதாசி வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கட்டும். கேட்டுப் பழகத்தானே இங்கே வருகிறார்கள்?” என்பாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். வந்தவர் முதலில் கருவியில் ஊத வேண்டும். பூச்சியம் காட்டினால்தான் மற்றதெல்லாம். குடித்தால் உடம்பு தாங்காமல் செய்கிற ஒரு மாத்திரை உண்டு. அதைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குவளையில்தான் கொடுக்க வேண்டும். மற்றக் குவளைகளில் அடியில் மிஞ்சியது தெரியாது, அதனால் இது இங்கபோர்க்கின் கட்டளை. குடித்து முடித்ததும் குவளையில் இன்னும் கொஞ்சத் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்க வைக்க வேண்டும். பிறகு, போய் வாந்தி எடுத்துவிடாதபடி, இருபது நிமிடம் எதிரே இருந்து கதைக்க வேண்டும். இடையில் யாராவது கக்கூசுக்கு அவசரம் என்று எழுந்தால், “வா, நானும் வருகிறேன்” என்று கூடவே எழுந்துவிடுவாள்.

அந்த மாத்திரை குடிக்கிற ஆசையைக் குறைக்காது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் இரத்தமாய்ச் சிவக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். வாந்தி வரும். இரத்த அழுத்தம் விழுந்து ஆளும் விழுந்துவிடுவார். சிலருக்கு உயிராபத்து. அந்தப் பயத்தை நம்பித்தான் மாத்திரை கொடுக்கிறோம். அதனால் இன்ன மருந்து எடுக்கிறேன் என்று எழுதிய சிறு அட்டையொன்றைப் பணப்பையில் வைத்திருக்கவேண்டும் என்பது கண்டிப்பான விதி.

“எப்படி இருக்கிறாய்?” என்று இங்கபோர்க் யாரையும் கேட்டதில்லை. அவள் கேட்பது வேறு. “வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கே நிற்பாய்? பக்கத்தில் யார் நிற்பார்? உன் கையில் என்ன இருக்கும்?” இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் எவரும் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக முடியாது. திரும்பக் குடிக்கிறவன் ஆசை வந்து குடிப்பதைவிட, கையில் ஒன்றும் இல்லாமல் தவறான இடத்தில் நின்று குடிப்பதுதான் அதிகம் என்பாள்.

அதற்கு ஒரு பயிற்சியும் வைத்திருந்தாள். வெறும் விஸ்கிப் போத்தலில் அப்பிள் சாற்றை நிரப்பிக்கொண்டு வந்து ஆளின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். கெஞ்சுவாள், கேலி செய்வாள், கோபிப்பாள். அவர் சொல்லவேண்டியது ஒரே வசனம். “வேண்டாம், நான் குடிப்பதில்லை.” அவ்வளவுதான். “ஏனென்றால்” என்று தொடங்கினாலோ மேசையில் தட்டுவாள். மறுபடி முதலிலிருந்து. “காரணம் சொன்னால் அவன் உன் காரணத்தோடு வாதாடுவான். காரணம் தோற்றால் நீ குடிக்க வேண்டிவரும். ஆகையால் காரணத்தைக் கொடுக்காதே.”

இந்த அறிவுரையைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன். வெள்ளைக்காரிக்கு எங்கள் ஆட்களைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணினேன். பொலிக்கிளினிக்கில் நான்தான் ஒரே தமிழன். “உங்கள் பண்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லேன்” என்று டாக்டர்மார்கூட என்னிடம் கேட்பார்கள். ஆண்டுக்கொருமுறை எனக்கு வகுப்பு எடுக்கவும் கொடுத்தார்கள். கேட்க வேண்டுமா? தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் சிவநேசன் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். “எழுதுங்கோ அண்ணை, பயமில்லை” என்று அவரே சொல்லிவிட்டார். வீடு வெஸ்ட்லியில், பதினோராம் மாடியில். ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டினார். குடி மணத்தைக் கண்டுபிடித்த மேலாளர், வேலை வேண்டுமென்றால் போய் வைத்தியம் செய் என்று அனுப்பியிருந்தார். கூடவே மனைவி வசந்தியும் வந்தார். அவர்களுக்கு ஒரே மகள் ஆரணி, பதினைந்து வயது.

ஆள் நன்றாக ஒத்துழைத்தார். இங்கபோர்க்கின் போத்தலுக்கு முன்னால் அந்த நோர்வேஜிய வசனத்தைப் பதினொரு தடவை பிசகாமல் சொன்னார். நான்கு மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஈரல் பரிசோதனை முடிவும் திருந்தி வந்தது. மாலை முழுக்கச் சும்மா இருந்த கைகளுக்கு வேலை வேண்டுமென்று சமையல் பழகத் தொடங்கியிருந்தார்.

ஐந்தாவது மாதம் வசந்தி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அண்ணை, வாற மாசம் என்ரை தங்கச்சியின்ரை மகளுக்குச் சாமத்தியவீடு. ஹொல்ம்லியாவிலை மண்டபம். போகாமல் இருக்கேலாது. அங்கை ஏன் குடிக்கேல்லையெண்டு எல்லாரும் கேப்பினம். நான் என்ன சொல்லுறது?”

இங்கபோர்க்கிடம் கேட்டிருந்தால், போக வேண்டாம் என்றிருப்பாள். போவதென்றாலும் வசனத்தைத் தமிழில் சொல்லிப் பழகிவிட்டுப் போகட்டும் என்றிருப்பாள். நான் அவளிடம் கேட்கவில்லை. எங்கள் ஆட்களை எனக்குத்தானே தெரியும்! வெறுமனே குடிப்பதில்லை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“சீனி வருத்தம் எண்டு சொல்லுங்கோ. டொக்டர் மறிச்சுப்போட்டார் எண்டு சொன்னா ஒருத்தரும் மேலை கேக்க மாட்டினம்.”

வசந்தியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எங்கள் ஊரில் மரியாதையான நோய். பெரிய மனிதர்களுக்கெல்லாம் இருக்கிறது. குடிநோயைச் சொன்னால் மகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் கெட்டுப்போகும். சீனியைச் சொன்னால் பாகற்காய் அனுப்பிவைப்பார்கள். “பிள்ளைக்கும் அப்பிடியே சொல்லுறன் அண்ணை, அவள் வாய் தவறி எங்கையும் சொல்லிப்போடக்கூடாது” என்றார். அதற்கும் நான் தலையை ஆட்டினேன்.

வசந்தி இன்னொன்றும் செய்திருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். கோவிலில் அர்ச்சனைக்குப் பணப்பையைத் திறக்கும்போது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, அந்த மருந்து அட்டையை எடுத்துக் குசினியில் கரண்டிகள் கிடக்கும் லாச்சிக்குள் வைத்துவிட்டார்.

சாமத்தியவீட்டுக்கு, அந்தப் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, எனக்கும் அழைப்பு இருந்தது. யூன் மாதம், மாலை ஏழு மணிக்கும் நல்ல வெயில். மண்டபத்தின் உள்ளே பிள்ளையைப் பல்லக்கில் கொண்டுவந்து, புகையெல்லாம் விட்டு, வீடியோக்காரர் சொல்லச் சொல்ல நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆண்களில் பாதிப்பேர் உள்ளே இல்லை. நான் முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் ஓடிவந்தார்.

“அண்ணை, கெதியா வாங்கோ! சிவநேசன் விழுந்துபோனார். சீனி ஏறிட்டுதாம்!”

கார் நிறுத்துமிடத்தில் குணத்தின் கார் டிக்கி திறந்திருந்தது. பக்கத்தில் நிலத்தில் சிவநேசன். முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று இருந்தன. சட்டையெல்லாம் வாந்தி. கண் செருகிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திடீர் வைத்தியர்களாகியிருந்தார்கள்.

“சீனி இறங்கியிருக்கும், லட்டு ஒண்டு குடுங்கோ!”

“விசரே உனக்கு? ஏறினதுக்கு லட்டோ? தண்ணியைக் குடு!”

லட்டுக் கட்சி ஒரு துண்டை வாயில் திணித்தேவிட்டது. நான் அதை விரலை விட்டுத் தோண்டி எடுத்து, ஆளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். நாடி குதித்தது. வாயில் விஸ்கி மணத்தது. நிமிர்ந்து குணத்தைப் பார்த்தேன்.

“நான் வற்புறுத்தேல்லை அண்ணை. சீனியெண்டு சொன்னார். விஸ்கியிலை எங்கை சீனி? பியரிலைதான் சீனி. அதைத்தான் நான் விளங்கப்படுத்தினனான்” என்றார் குணம்.

அம்புலன்ஸ் வந்தது. இறங்கிய பெண் முதலில் கேட்டது, இவர் ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆரணி முன்னால் வந்தாள். பட்டுப்பாவாடையோடு தகப்பனின் வாந்தியில் முழங்காலிட்டு இருந்தாள். அழவில்லை. தெளிவான நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அப்பாவுக்கு நீரிழிவு, இரண்டாம் வகை. இன்று மதியம் இவ்வளவு சோறுதான் சாப்பிட்டார், இனிப்பு ஒன்றும் நான் கொடுக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி மிகச் சரியாக இருந்தது. அம்புலன்ஸ்காரி புருவத்தைச் சுருக்கினாள். இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. பணப்பையை எடுத்துப் பார்த்தார்கள். அட்டை இல்லை.

நான் வாய் திறக்கப் போனேன். எதிரே வசந்தி நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுற்றிவர எங்கள் சனம் முழுக்க நின்றது.

அந்தத் தலையாட்டலுக்கு நான் அரை நிமிடம் கீழ்ப்படிந்தேன். மருத்துவ இரகசியம் காக்கும் கடமை என்று மனதுக்குள் ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். எந்தச் சட்டமும் ஒருவரைச் சாக விட்டு இரகசியம் காக்கச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாயிருந்தது, அதுதான் உண்மை. பண்பாட்டு நிபுணர் கொடுத்த புத்தி இப்படி நிலத்தில் கிடக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். குணத்தை நான் இவ்வளவு நக்கலடிக்கிறேனே, அந்த அரை நிமிடம் நான் அவனைவிடக் கேவலமானவன்.

பிறகு சொன்னேன். இவருக்கு நீரிழிவு இல்லை. குடிநோய்க்கு எங்களிடம் வைத்தியம் பெறுகிறார். மருந்தின் பெயர் இது, நேற்றுக் காலை நானே கொடுத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அம்புலன்ஸ்காரி தன் கூட்டாளிக்கு அதை உரத்துத் திருப்பிச் சொன்னாள். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் இங்கே பிறந்தவை. அவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. ஆரணி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து அம்புலன்சில் ஏறித் தகப்பனின் தலைமாட்டில் இருந்தாள். தாயை ஏற விடவில்லை.

சிவநேசன் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். தெரிந்திருந்தும் ஏன் குடித்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் வேண்டாம் எண்டுதான் நிண்டனான் அண்ணை. சீனியெண்டன். விஸ்கியிலை சீனி இல்லையெண்டாங்கள். டொக்டர் மறிச்சவர் எண்டன். குணத்தின்ரை மச்சானும் டொக்டராம், அவரே சீனியோடை ரெண்டு பெக் எடுக்கிறவராம். ஒவ்வொண்டா முடிச்சுப்போட்டாங்கள். சொல்லுறதுக்கு என்னட்டை வேறை ஒண்டும் மிஞ்சேல்லை. கையிலை குவளையைத் தந்தாங்கள், குடிச்சிட்டன்.”

இங்கபோர்க் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்திருந்தது. சாமத்தியவீட்டைக் கண்ணாலும் கண்டிராத பெண்ணுக்கு எங்கள் கார் நிறுத்துமிடம் விளங்கியிருக்கிறது. பத்து ஆண்டு வகுப்பு எடுத்த எனக்கு விளங்கவில்லை!

திங்கட்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நீரிழிவு என்று சொல்லச் சொன்னது யார்?”

“நான்.”

கணினியைத் திறந்தாள். நோயாளியின் குறிப்பில், எங்கள் ஊழியர் கொடுத்த தவறான ஆலோசனையால் என்று என் பெயரோடு எழுதினாள். திரையை என் பக்கம் திருப்பி, சத்தமாக வாசி என்றாள். வாசித்தேன். “சரி. வியாழக்கிழமை குடும்பத்தைக் கூப்பிடு. மகளும் வரவேண்டும்” என்றாள். என்னை வேலையை விட்டு நீக்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமை நால்வரும் அவளுடைய அறையில் இருந்தோம். சிவநேசன் வெளிறிப்போய் இருந்தார். வசந்தி மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சனம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டதாம், அதுதான் அவருடைய துக்கம். இங்கபோர்க் ஆரணியிடம், “நீ முதலில் பேசு” என்றாள்.

ஆரணி நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள். அப்பாவுக்குச் சீனி என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் இனிப்பு வாங்க விடவில்லையாம். தன் பிறந்தநாளுக்குச் சீனியில்லாத கேக் செய்தாளாம், ஒருவரும் சாப்பிடவில்லையாம். பள்ளிக்கூட நூலகத்தில் நீரிழிவு பற்றிய புத்தகம் எடுத்து வாசித்தாளாம். தகப்பன் நித்திரை கொள்ளும்போது போர்வையை விலக்கிக் காலில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாளாம். பிறகு தமிழில் சொன்னாள்.

“நான் இவ்வளவு நாளும் பிழையான வருத்தத்துக்கெல்லோ பயந்துகொண்டு இருந்திருக்கிறன்.”

சிவநேசன் முகத்தைப் பொத்திக்கொண்டார். கடதாசி தாருங்கள் என்று வசந்தி கேட்டார். இங்கபோர்க் லாச்சியைத் திறந்து கொடுத்தாள். அந்தப் பிள்ளை தமிழில் சொன்னதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, “இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்” என்றாள் என்னிடம்.

நான் ஆரணியிடம் மன்னிப்புக் கேட்டேன். நோர்வேஜிய மொழியில் கேட்டேன். அந்த மொழியில் எனக்கு அது இலகுவாக வரும். ஆண்டாண்டாக வேலை இடத்தில் கேட்டுப் பழகிய வசனம். தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறேன் என்று நாகரிகமாக முடித்தேன்.

“தமிழிலை கேளுங்கோ மாமா” என்றாள் ஆரணி. “நீங்கள் அந்தப் பொய்யைத் தமிழிலைதானே சொல்லிக் குடுத்தனீங்கள்?”

என் மகள் வயதுகூட இல்லை அவளுக்கு.

“நான்தான் பொய் சொல்லச் சொன்னனான், பிள்ளை. எனக்கு எல்லாம் தெரியுமெண்டு நினைச்சிட்டன். கொப்பாவைச் சாகப் பண்ணியிருப்பன். என்னை மன்னிச்சுக்கொள்ளு.”

அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

“இப்ப நீங்கள், அப்பா.”

அவர் சொன்னார். குடித்ததை, ஒளித்ததை, எந்த அலுமாரிக்குப் பின்னால் என்பதை, எல்லாவற்றையும் சொன்னார். அன்றோடு குடியை விட்டார் என்று எழுதி முடித்தால் சங்கத்து மலரில் போடுவார்கள். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை குடித்தார். இரண்டு தடவையும், போத்தல் பாதியாகும் முன்னரே, தானே மகளுக்குப் போன் எடுத்துக் குடித்துவிட்டேன் என்றார். இரண்டு தடவையும் அவள் பள்ளிக்கூடப் பையோடு ரயிலேறி அவர் இருந்த இடத்துக்குப் போய் அவரை எங்களிடம் கூட்டிவந்தாள்.